அலைமேல் ஏறிய இரு குறிகள்



மன்னார்த் தீவின் தென்கரையிலே, மன்னார் நகருக்கு மேற்கே, வளைகுடாவை நோக்கி அமைந்த மீனவக் கிராமம் தாழ்வுபாடு. அத்தகைய கரையொன்றிலே கரைவலை இழுக்கும் காட்சியைக் கண்டவர்கள் அதனை எளிதில் மறக்கமாட்டார்கள். நீண்ட வடத்தைப் பற்றியவாறு ஆட்கள் வரிசையாக நிற்பர். ஒருவர் அம்பா பாட, ஏனையோர் பின்பாட்டுப் பாடி, தாளத்துக்குத் தக்கபடி காலெடுத்து வைத்துப் பின்னோக்கி நடந்து இழுப்பர். அந்த வடத்தையும் அந்தத் தாளத்தையும் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய உரைக்கு அவை வேண்டப்படும்.

அதே கரைக்கு மற்றொரு காட்சியும் உண்டு. சோளகக் காற்று எழுந்து கடல் குமுறும் நாளிலே, திரும்பி வரவேண்டிய வள்ளம் வரவில்லை. கரையிலே காத்திருப்போருக்கு அப்பொழுது வேண்டியது நீண்ட கடிதமன்று. "இருக்கிறாரா, இல்லையா?" என்ற வினாவுக்கு ஒரே ஒரு சொல் விடையாக வந்தாற் போதும். அந்த ஒற்றைச் சொல் கடலைக் கடந்து கரை சேர்வது எவ்வாறு? இரண்டே குறிகளால் அமைந்த செய்தியை மின்காந்த அலையின் மீது ஏற்றி அனுப்ப மனிதன் எவ்வாறு கற்றுக்கொண்டான்? இதன் வரலாற்றையே இன்று சொல்லப் புகுகின்றேன்.

முதலிலே அந்த இரண்டு குறிகளைப் பற்றி ஒரு வார்த்தை. உலகத்திலுள்ள செய்திகள் யாவற்றையும் இரண்டே குறிகளால் எழுதிவிடலாம் என்பது கேட்பதற்குப் புதுமையாகத் தோன்றும். தமிழ் யாப்புப் படித்தவர்களுக்கு அது அத்துணைப் புதுமையன்று. நேர், நிரை என்னும் இரண்டு அசைகள் தாம் நம் செய்யுள்களுக்கு அடிப்படை. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என நான்கு சீர்கள் பிறக்கின்றன. மும்மூன்றாகச் சேர்த்தால் எட்டு. ஐந்தைந்தாகச் சேர்ப்பின் முப்பத்திரண்டு வகை கிடைக்கும். பிரெஞ்சு நாட்டுத் தந்திப் பொறியாளர் எமில் போடோ என்பவர் 1874-ஆம் ஆண்டிலே உரிமைப் பட்டயம் பெற்ற தந்திக் குறிமுறை இதனையே செய்தது. ஐந்து இடங்களிலே இரு குறிகளை மாற்றி மாற்றி வைத்து, ஆங்கில நெடுங்கணக்கு முழுவதையும் அவர் அடக்கிவிட்டார். இன்று கணிப்பொறியிலே ஒன்று, பூச்சியம் என்று எழுதப்படுவனவும் இவைபோன்ற இரு குறிகளே.

கம்பி வழியே இக்குறிகளை அனுப்புவது எளிது. மின்னோட்டம் உண்டு அல்லது இல்லை; அவ்வளவுதான். இலங்கையிலே 1858-ஆம் ஆண்டில் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்தி ஓடத் தொடங்கியது. அக்காலத்தை ஒட்டியே மன்னார்க் கரையையும் இந்தியக் கரையையும் கடலடிக் கம்பி இணைத்தது. ஆயின், கம்பி கரையோடு நின்றுவிடுகிறது. கடலிலே மிதக்கும் வள்ளத்துக்கும் கப்பலுக்கும் கம்பி இழுப்பார் யார்?

கம்பியின்றிச் செல்லவல்லது மின்காந்த அலை. அதனை வங்காளத்து அறிஞர் ஜகதீச சந்திர போஸ் 1895-ஆம் ஆண்டிலே கல்கத்தாவில் மக்கள் முன்னிலையிற் காட்டினார். அவர் எழுப்பிய அலை இடையிலிருந்த சுவரைக் கடந்து சென்று மணியொன்றை அடித்தது. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தது. அதே காலத்திலே இத்தாலியரான மார்க்கோனி இம்முயற்சியில் இறங்கி, 1901-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 12-ஆந் திகதி, இங்கிலாந்தின் கோர்ன்வாலிலிருந்து புறப்பட்ட மூன்று புள்ளிகளை அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் நியூபவுண்லாந்திலே கேட்டதாக அறிவித்தார். மோர்சு முறையிலே மூன்று புள்ளிகள் ஆங்கில 'எஸ்' எழுத்தைக் குறிக்கும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். தந்தியிலே செல்லும் மெதுவான மின்துடிப்பை நேரே வானில் விட்டுவிட்டாலென்ன? அது வானிலே பரவாது. ஓர் அலை நன்றாகப் பரவவேண்டுமாயின், அதனை வீசும் வான்கம்பியின் நீளம் அலைநீளத்தோடு ஒருவாறு ஒத்திருத்தல் வேண்டும். மெதுவான துடிப்புக்கு நூற்றுக்கணக்கான மைல் நீளமுள்ள வான்கம்பி தேவைப்படும். ஆகையால், வினாடிக்குப் பல இலட்சம் முறை துடிக்கும் விரைந்த அலையொன்றை எழுப்பி, செய்தியை அதன் முதுகில் ஏற்றி அனுப்புகின்றோம். சுமந்து செல்லும் அலைக்குக் காவியலை என்று பெயர். செய்திக்கேற்ப அதன் இயல்பை மாற்றுவது பண்பேற்றம் எனப்படும்.

காவியலையிலே மாற்றக்கூடிய இயல்புகள் மூன்று. கரைவலை வடத்தை இப்பொழுது நினைத்துப் பாருங்கள். இழுப்பவர்கள் ஓங்கி இழுக்கலாம், மெல்ல இழுக்கலாம், இது வீச்சம். தாளத்தை விரைவாக்கலாம், தளர்த்தலாம், இது மீடிறன். தமிழகத்திலே இதனை அதிர்வெண் என்பர். மூன்றாவது சற்று நுட்பமானது. அதே வலிமை, அதே தாளம். ஆனால் இடக்கால் விழவேண்டிய அடியிலே வலக்கால் விழுகின்றது. வலிமையும் வேகமும் மாறவில்லையாயினும், பார்ப்பவனுக்கு ஏதோ மாறிவிட்டது என்பது உடனே புலனாகும். இதுவே அவத்தை. வீச்சம், மீடிறன், அவத்தை என்ற இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தி சுமக்கப் பழக்கப்பட்டதே நம் வரலாறு.

முதலில் வந்தது வீச்சம். அதிலும் மிக எளிய வகை: அலையை எழுப்பினால் ஒரு குறி, நிறுத்தினால் மற்றைக் குறி. தலைமன்னார்க் கலங்கரை விளக்கத்தின் ஒளி போன்றது இது. ஒளியும் மின்காந்த அலையே. விளக்கு மின்னுவதும் மறைவதும் மாலுமிக்குச் செய்தியாகின்றன. மார்க்கோனியின் தீப்பொறிக் கருவி இவ்வாறுதான் பேசியது. 1906-ஆம் ஆண்டிலே பெர்லின் மாநாடு உலகனைத்துக்கும் பொதுவான ஆபத்துக் குறியை வகுத்தது. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்னும் அக்குறி 1908-ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. கடலிலே தத்தளித்த எண்ணற்ற உயிர்களை அது கரைசேர்த்தது.

எனினும் இம்முறைக்கு ஒரு பெருங்குறை உண்டு. அதனை விளக்க ஒரு துயரச் சம்பவத்தை நினைவுகூர வேண்டியிருக்கிறது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆந் திகதி இரவு, பெரும்புயலொன்று இலங்கையின் வடபகுதியைக் கடந்து பாக்கு நீரிணைப் பக்கமாகச் சென்றது. தலைமன்னாருக்கு எதிர்க்கரையிலுள்ள தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளுடன் பேரலையில் மூழ்கியது. தந்தித் தொடர்புகள் அறுந்துபோயின. தனுஷ்கோடியிலிருந்து ஒலி வரவில்லை. அந்த மௌனத்தின் பொருள் யாது? சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பதா? சொல்வதற்கு ஆளே இல்லை என்பதா? வெளியுலகத்தார் அந்த அழிவின் அளவை உணரக் காலம் பிடித்தது.

கம்பியிலாயினும் அலையிலாயினும், உண்டு-இல்லை என்ற முறையின் உள்ளே இருக்கும் பிழை இதுதான். அங்கே 'இல்லை' என்ற குறியும், கருவி பழுதுபட்ட மௌனமும் ஒரே தோற்றமுடையன. அலை வரும் வழியிலே தேய்ந்துவிட்டால் 'ஆம்' என்பது 'இல்லை' ஆகிவிடும். மின்னல் வெட்டினால் அதன் இரைச்சல் ஏற்பிக்குள் புகுந்து, 'இல்லை' என்பதை 'ஆம்' ஆக்கிவிடும். மழைக்கால இரவிலே வானொலி கேட்டவர்கள் அந்தப் படபட ஒலியை அறிவார்கள். இந்த இரைச்சல் பெரும்பாலும் அலையின் வீச்சத்தையே தாக்குகின்றது. செய்தியையும் வீச்சத்திலேயே வைத்தோமானால், திருடன் வரும் வாசலிலேயே பணப்பையை மாட்டியவர்கள் ஆவோம்.

இதற்குரிய மாற்று, யாரும் தேடாமலே ஒரு கருவியின் முரண்டினால் கிடைத்தது என்பது வரலாற்றின் விந்தை. டென்மார்க்கைச் சேர்ந்த வல்டெமார் பௌல்சன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மின்வில்லினால் இடையறாத அலையை எழுப்பும் கருவியை அமைத்தார். தீப்பொறி தந்த அலை எழுந்தவுடனே தேய்ந்து மறையும். வில் தந்த அலையோ சீராக நீடித்து நின்றது. ஆனால் ஒரு தொல்லை. எரியும் வில்லை ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் அணைத்து அணைத்து ஏற்ற முடியவில்லை. ஆகவே பொறியாளர்கள் வில்லை எரியவிட்டபடியே, சாவியை அழுத்தும்போது மாத்திரம் அலையின் மீடிறனைச் சிறிது மாற்றினார்கள். செய்தி ஒரு மீடிறனிலும், இடைவெளி மற்றொரு மீடிறனிலும் சென்றன. இடைவெளிக்கென வீணாக ஓர் அலை வானத்தை அடைக்கிறதே என்று அக்காலத்தார் அதனை ஒரு குற்றமாகவே கருதினர்.

அந்தக் குற்றமே பின்னர் குணமாயிற்று. இரு குறிகளுக்கும் தனித்தனி மீடிறன் இருந்தால், 'இல்லை' என்பதும் ஒலிக்கும். 'ஆம்' என்பதும் ஒலிக்கும். இரண்டும் கேட்கவில்லையென்றால் தொடர்பு அறுந்தது என்பது தெளிவு. மேலும், ஏற்பி 'அலை எவ்வளவு வலிமையானது?' என்று அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. இரண்டிலே எது ஓங்கி ஒலிக்கிறது என்று ஒப்பிட்டாற் போதும். அலை தேய்ந்தாலும் ஒப்பீடு பெரும்பாலும் நிலைக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே வானொலி வழித் தொலையச்சுக் கருவிகள் இம்முறையினால் பெருகின. 1962-ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பெல் 103 என்னும் கருவி, இதே உபாயத்தைத் தொலைபேசிக் கம்பியிலே புகுத்தியது. அழைப்பவர் பக்கத்திலிருந்து பூச்சியத்துக்கு வினாடிக்கு 1070 அதிர்வும், ஒன்றுக்கு 1270 அதிர்வுமாக இரண்டு இசைகள். அவற்றைக் கொண்டு வினாடிக்கு 300 இருமக் குறிகள் சென்றன. கணிப்பொறிகள் தொலைபேசியில் ஒன்றோடொன்று பேசக் கற்றது இத்தகைய கருவிகளாலேதான்.

கடலோடிகளுக்கும் இம்முறை கைகொடுத்தது. 518 கிலோஹேர்ட்ஸ் மீடிறனிலே பல நாட்டுக் கரையோர நிலையங்களிலிருந்து கப்பல்களுக்குப் புயல் எச்சரிக்கைகளும் ஆபத்துச் செய்திகளும் எழுத்துவடிவில் அனுப்பப்படுகின்றன. அங்கே இரு குறிகளுக்கும் உள்ள வேறுபாடு 170 அதிர்வு மாத்திரமே. வினாடிக்கு 100 குறிகள் என்ற மெதுவான நடை. ஆனால் அந்த மெதுவே அதற்குப் பலம். குறி ஒவ்வொன்றும் நீண்டு நிற்பதனால், இரைச்சல் அதனை எளிதில் அழித்துவிட இயலாது. கப்பல்களிலே மோர்சு முறையைக் கட்டாயமாக வைத்திருக்கும் ஏற்பாடு 1999-ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதியோடு முடிவுற்றது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் கடலைக் காத்த புள்ளியும் கோடும் அவ்வாறு விடைபெற்றன.

மூன்றாவதாக வந்தது அவத்தை. இதுவே மூன்றிலும் சிக்கனமானது. பூச்சியத்துக்கு அலை ஒருவிதமாகத் தொடங்கும். ஒன்றுக்கு அதே அலை தலைகீழாகத் தொடங்கும். மேடு இருக்கவேண்டிய இடத்திலே பள்ளம். இரு குறிகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஆகையால் அவற்றை மாறி உணர்வது மிகக் கடினம். இரண்டு மீடிறன்களால் அனுப்பும் முறைக்கு வேண்டிய சக்தியில் பாதியளவே கொண்டு, அதே அளவு பிழையின்மையை இதனாற் பெறலாம் என்று கணிதம் காட்டுகின்றது. சிறிய மின்கலத்தை நம்பியிருக்கும் கருவிக்கு இந்தப் பாதி ஒரு வாழ்வு.

ஆயினும் இங்கும் ஒரு சிக்கல் உண்டு. தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு, எது இடக்கால் அடி, எது வலக்கால் அடி என்று தொடக்கத்திலே தெரிவதெப்படி? அதனைத் தவறாக எடுத்துக்கொண்டால் செய்தி முழுவதும் தலைகீழாகிவிடுமே! 1957-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் கொலின்ஸ் நிறுவனத்தார் அமைத்த கினிபிளெக்ஸ் என்னும் வானொலிக் கருவி இதற்கோர் அழகிய வழியைக் கையாண்டது. முந்திய அடியோடு இந்த அடியை ஒப்பிடு; எவ்வளவு மாறிற்று என்பதே செய்தி. உலகுக்கெல்லாம் பொதுவான அளவுகோல் வேண்டியதில்லை. நேற்றைய நிலையோடு இன்றைய நிலையை ஒப்பிட்டால் போதும்.

இரண்டு அவத்தைகளோடு நிற்பானேன்? நான்கு வைத்தால் என்ன? அப்பொழுது அலையின் ஒவ்வோர் அடியும் இரண்டிரண்டு இருமக் குறிகளைச் சுமக்கும். தேமா ஓர் அவத்தை, புளிமா மற்றோர் அவத்தை, கருவிளமும் கூவிளமும் ஏனைய இரண்டு. அசையசையாகச் சென்ற செய்தி சீர்சீராகச் செல்லத் தொடங்குகிறது. எட்டு அவத்தைகளை வைத்தால் மூவசைச் சீர்கள். வீச்சத்தையும் அவத்தையையும் ஒருங்கே மாற்றினால் பதினாறு, அறுபத்துநான்கு எனப் பெருகும். இன்றைய கைத்தொலைபேசியும் இணையமும் பெறும் வேகத்துக்கு இத்தகைய முறைகள் ஒரு முக்கிய காரணம். ஆனால் விலையில்லாத பண்டம் உலகிலே இல்லை. சீர்கள் பெருகப் பெருக, ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையிலுள்ள வேறுபாடு சுருங்கும். சிறிய இரைச்சலும் ஒன்றை மற்றொன்றாக மயங்கச் செய்யும். ஆகையால் தெளிந்த வழியிலே விரைந்து செல்வதும், குமுறும் வழியிலே இரண்டே குறிகளோடு நிதானமாகச் செல்வதும் அறிவுடைமை. வள்ளமோட்டிக்கு இதனை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இப்பொழுது தாழ்வுபாட்டுக் கரைக்குத் திரும்புவோம். மன்னார் வளைகுடாவிலே வலை வீசும் மீனவர் தாம் நிற்கும் இடத்தை அறிய ஜி.பி.எஸ். என்னும் செயற்கைக்கோட் கருவியைப் பார்க்கின்றார். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடல் எல்லை 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் பாக்கு நீரிணையிலும், 1976-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் மன்னார் வளைகுடாவிலும் வகுக்கப்பட்டது. அலைமேல் கோடு கிழிக்க இயலாது. கோடு எங்கே இருக்கிறது என்று சொல்வது, ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வரும் மெல்லிய அலை. அது வந்து சேரும்போது சுற்றிலுமுள்ள இரைச்சலினும் மெலிந்திருக்கும். அவ்வாறிருந்தும் அதனைப் பிரித்தறிய முடிகிறது. காரணம், அதன் செய்தி இரண்டே அவத்தைகளில், முன்கூட்டியே அறிந்த நீண்ட குறித்தொடரோடு பின்னி, வினாடிக்கு 50 இருமக் குறிகள் என்ற நிதானத்தில் அனுப்பப்படுவதேயாகும்.

ஆபத்திலே உதவி கேட்கும் மிதவைக் கருவியின் கதை இன்னும் பொருளுடையது. பழைய ஆபத்துக் கருவிகள் 121.5 மெகாஹேர்ட்ஸிலே ஓர் ஓலத்தை மாத்திரம் எழுப்பின. யார் அழுகிறார் என்று அந்த ஓலம் சொல்லாது. வேறு கருவிகளின் இரைச்சலும் அதே ஓலம்போல ஒலித்துத் தேடுவோரை வீணே அலைக்கழித்தது. அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் நாடு ஆகியவை, பகைமை நிலவிய அக்காலத்திலும் 1979-ஆம் ஆண்டிலே கூடி, கொஸ்பாஸ்-சார்சாற் என்னும் செயற்கைக்கோள் மீட்புத் திட்டத்தை வகுத்தன. அதற்கென அமைந்த 406 மெகாஹேர்ட்ஸ் கருவி, ஐந்து வாற்று வலுவோடு, ஏறத்தாழ 50 வினாடிக்கு ஒருமுறை, அரை வினாடி நேரம் மாத்திரம் பேசும். அந்த அரை வினாடியிலே அவத்தை மாற்றத்தின் மூலம் தன் அடையாள எண்ணைச் சொல்லிவிடும். பழைய ஓலத்தைச் செயற்கைக்கோள்கள் கேட்பது 2009-ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதியோடு நிறுத்தப்பட்டது. இத்திட்டத்திலே இலங்கைக்குரிய அபாயச் செய்திகளை ஏற்றுக் கொடுக்கும் பொறுப்பு பெங்களூரிலுள்ள இந்திய நிலையத்தைச் சேர்ந்தது. மன்னார்க் கடலிலே எழும் குரல் விண்ணுக்குப் போய், பெங்களூருக்கு இறங்கி, மீண்டும் இலங்கையின் மீட்புப் பணியாளரை அடைகின்றது. எல்லைக் கோடு அந்தக் குரலைத் தடுப்பதில்லை.

நேயர்களே, இந்த வரலாற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். விளக்கு அணைவதும் எரிவதுமாக இருந்த செய்தி, இரண்டு இசையாகி, பின்னர் அடிமாறும் தாளமாயிற்று. ஒவ்வொரு படியிலும் மனிதன் தேடியது மௌனத்துக்கும் மறுமொழிக்கும் இடையே ஐயமற்ற வேறுபாட்டை. 'இல்லை' என்ற செய்தி துயரமானதாயினும் அது செய்தி. செய்தியே வாராமை அதனினும் கொடியது. அதனைக் கரையிலே காத்திருந்தவர்கள் அறிவார்கள்.

ஆயின், அலை தன் கடமையைச் செய்தாலும் மனிதன் தன் கடமையைச் செய்யவேண்டும். 406 மெகாஹேர்ட்ஸ் கருவியின் விலை சிறுவள்ளத்து மீனவருக்கு எளிதன்று. அதன் எண்ணை உரிய இடத்திலே பதிவு செய்யாவிட்டால், குரல் கேட்டும் ஆள் யாரென்று அறிய இயலாது. மின்கலம் தீர்ந்த கருவி வெறும் பெட்டி. குறி வந்து சேர்ந்தபின் படகை இறக்கிப் புறப்பட ஒருவர் வேண்டும். கரைவலையின் ஒரு முனையை எத்தனை பேர் இழுத்தாலும், மறு முனையிலே ஆளில்லையென்றால் மடி கரை சேராது. செய்தியும் அவ்வாறே. அனுப்புவோன் ஒரு வடத்தைப் பற்றியிருக்கின்றான். மற்றதைப் பற்றியிருக்க வேண்டியவர்கள் கரையிலுள்ள நாமே.